கழுவித் துடைத்த குப்பை

ஷிராஹோ மோட்டார் கம்பெனியில் காலையில் முதல் கார் உருவாவதற்கு முன் தத்துவம் உருவாகிவிடும். எட்டு இருபத்தைந்துக்கு வானொலி உடற்பயிற்சி. கையைக் காலை ஆட்டி முடித்து மூச்சிரைப்பு அடங்குவதற்குள், சுவரில் தொங்கும் ஐந்து வரிகளை எல்லோரும் சேர்ந்து உரக்கச் சொல்ல வேண்டும். மனிதனே முதல். பூமியே நம் வீடு. வாடிக்கையாளர் சிரிப்பே நம் சம்பளம். நேற்றைவிட இன்று மேல். சமூகத்துக்கு என்றும் நன்றி.

இதில் நான்கு வரிகள் சாது. சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடலாம். நான்காவது வரிதான் ஆளை விடாது, வீடு வரைக்கும் கூடவே வரும். பானெட் மூடும் சத்தத்திலிருந்து கழிப்பறைக் காகிதம் வரை அந்தத் தொழிற்சாலையில் எல்லாமே நேற்றைவிட இன்று மேலாகியாக வேண்டும். எவ்வளவு மேல் என்பதை எண்ணில் காட்டியாக வேண்டும். எண்ணில் காட்ட முடியாத நல்லது ஷிராஹோவைப் பொறுத்தவரை நடக்காத நல்லது.

ஹிசனாகா தோஷிரோவுக்கு நாற்பத்தாறு வயது. சமூகப் பங்களிப்புத் துறையில் உதவி மேலாளர். கம்பெனியின் மனசாட்சியைப் பார்த்துக்கொள்வதற்கென்று ஏழு பேரை வைத்திருந்தார்கள், அவர்களில் இவன் ஒருவன். சொந்த ஊர் ஓனோமிச்சி. மனைவி யாசுயோவுக்கு அங்கே நகராட்சி அலுவலகத்தில் வேலை, மகள் ரூரிக்கு அங்கே பள்ளிக்கூடம். அதனால் இவன் மட்டும் நகோயாவுக்குத் தெற்கே இருக்கும் இந்தத் தொழிற்சாலை ஊருக்கு மாற்றலாகி வந்தான். மூன்று வருடம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். ஏழு வருடம் ஆகிவிட்டது. கல்யாணமாகி மகள் பிறந்த மனிதன், கம்பெனியின் பிரம்மச்சாரிகள் விடுதியில் ஆறு பாய் விரிக்கும் அளவே உள்ள அறையில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

வந்தபோது ரூரிக்கு நான்கு வயது, இப்போது பதினொன்று. மாதத்தில் ஒரு முறை புல்லட் ரயில் பிடித்து வீட்டுக்குப் போவான். போன மாதம் போனபோது, வீட்டுக்குள் போட்டு நடக்க விருந்தாளிகளுக்கென்று வாசலில் வைத்திருக்கும் செருப்பை எடுத்து அவன் முன் ஒழுங்காகத் திருப்பி வைத்தாள் மகள். வளர்ப்பு சரியாகத்தான் இருக்கிறது. அவனுக்குத்தான் அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

அவனுடைய பொறுப்பு கோஸே ஆறு. தொழிற்சாலைக்குப் பின்னால் ஓடும் சின்ன ஆறு அது. ஒவ்வொரு நவம்பரிலும் இரண்டாவது சனிக்கிழமை, ஷிராஹோ ஊழியர்கள் தன்னார்வத்துடன் இறங்கி அதைச் சுத்தம் செய்வார்கள். தன்னார்வம் இல்லாதவர்கள் காரணம் எழுதி மேலாளரிடம் முத்திரை வாங்க வேண்டும். முதல் வருடம் சைக்கிள்கள், ஒரு குளியல் தொட்டி, அரிசிக் குக்கர் என்று இருநூற்றுப் பன்னிரண்டு கிலோ கிடைத்தது. வருடாந்திர அறிக்கையில் அழகாக ஒரு படம் போட்டார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். நான்காவது வரி விடவில்லை. அடுத்த வருடம் பத்து சதவீதம் கூடுதல், அதற்கடுத்த வருடம் இன்னொரு பத்து. இப்படியே குப்பை வளர்ந்துகொண்டே போனது அறிக்கையில். ஆற்றில் குறைந்துகொண்டே வந்தது.

எல்லாவற்றுக்கும் ஒத்திகை பார்க்கிற ஊர் அது. குப்பை பொறுக்குவதற்கும் ஒரு வாரம் முன்பே ஒத்திகை உண்டு. அந்த வருட ஒத்திகை முடிந்த திங்கட்கிழமை, துறைத் தலைவர் ஓகுசா அவனைக் கூப்பிட்டார்.

"ஒத்திகையில எவ்வளவு தேறிச்சு?"

"பத்தொன்பது கிலோங்க."

"அவ்வளவுதானா?"

"அதுலயும் ஏழு கிலோ, மழையில அடிச்சிட்டு வந்த மரக்கட்டை."

ஓகுசா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட செய்தி கேட்டால் அவர் செய்யும் முதல் காரியம் அதுதான். "போன வருஷம் முந்நூத்தி நாப்பத்தொண்ணு. இந்த வருஷம் முந்நூத்தி எழுபத்தஞ்சு வந்தாகணும்."

"ஐயா, ஆறு சுத்தமாயிடுச்சு. அதையே அறிக்கையில எழுதிடலாமே. இத்தனை வருஷ உழைப்புல ஆறு சுத்தமாயிடுச்சுன்னு."

"சுத்தத்தை எப்படிய்யா எடை போடுவே? தராசுல ஏத்திக் காட்டு, எழுதிடறேன்."

ஓகுசா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "இங்க பாரு. மார்ச்ல ஹிரோஷிமா கிளையில ஒரு இடம் காலியாகுது. அங்கேர்ந்து உன் வீட்டுக்கு ரயில்ல ஒன்றரை மணி நேரம். தினமும் வீட்டுச் சாப்பாடு சாப்பிடலாம். உன் பேரைத்தான் மனசுல வெச்சிருக்கேன். இந்த வருஷம் கம்பெனித் தலைவரே நேர்ல வராரு. ஆத்து விஷயம் நல்லபடியா முடிஞ்சா, பேரைச் சொல்ல எனக்கும் ஒரு தெம்பு இருக்கும்."

"ஆனா ஆத்துல குப்பையே இல்லீங்களே."

"யோசிய்யா. வழி கண்டுபிடிக்கிறதுக்குப் பேர்தானே நம்ம கம்பெனி."

குப்பையைக் கொண்டுபோய்ப் போடு என்று அவர் சொல்லவில்லை. அப்படியெல்லாம் வாயைவிட்டுச் சொல்கிறவர் துறைத் தலைவராக முடியாது. சொல்லாததைக் கேட்டுக்கொள்கிறவன் நல்ல ஊழியன். ஹிசனாகா இருபத்து மூன்று வருடமாக நல்ல ஊழியன்.

அன்று மாலையே யாசுயோவுக்கு ஃபோன் செய்து மார்ச் விஷயத்தைச் சொல்லிவிட்டான். சொல்லியிருக்கக் கூடாது. மறுமுனையில் அவள் அடுப்பை அணைப்பது கேட்டது. பிறகு, "அலமாரியில பாதி காலி பண்ணி வெக்கட்டுமா?" என்று கேட்டாள். சரி என்றான்.

வெள்ளிக்கிழமை மதியம் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கம்பெனியின் சின்ன லாரியை வாங்கிக்கொண்டான். விடுதியின் குப்பை சேர்க்கும் அறையிலும் மூன்று சாப்பாட்டுக் கூடங்களிலும் மறுசுழற்சிக்கு எடுத்து வைத்திருந்ததை மூன்று நடையாக ஆற்றங்கரைக்குக் கொண்டுபோனான். பட்டப்பகல். வழியில் நாலு பேர் பார்த்தார்கள், தலை வணங்கிவிட்டுப் போனார்கள். மஞ்சள் மேலங்கி போட்டு முதுகில் 'சமூகத்துக்கு நன்றி' என்று எழுதியிருப்பவனை அந்த ஊரில் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அவன் ஒரு பிணத்தை இறக்கியிருந்தாலும் உதவிக்குத்தான் வந்திருப்பார்கள்.

நாணலுக்குள்ளும் பாலத்துக்கு அடியிலும் பரப்பி வைத்தான். ஆற்றுக்குள் குப்பை போடுவது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. முதல் பாட்டிலைக் கையில் எடுத்தான். எறிய முடியவில்லை, குனிந்து வைத்தான். கடைசி நடை முடிந்தபோது ஹிரோஷிமா மட்டும்தான் கண்ணில் தெரிந்தது.

சனிக்கிழமை நல்ல வெயில். ஊழியர்கள் நூற்றெண்பது பேர், பள்ளிப் பிள்ளைகள் நாற்பது பேர், குடியிருப்போர் சங்கத்துப் பெண்கள் ஒரு வரிசை. எல்லோருக்கும் வெள்ளைக் கையுறை, இடுக்கி, ஒளிபுகும் பை. தலைவர் தோகிவா புத்தம்புது ரப்பர் பூட்ஸில் வந்தார். கம்பெனியை ஆரம்பித்தவரின் பேரன் அவர். தத்துவத்தின் ஐந்து வரிகளுக்கும் தலா நான்கு நிமிடம் ஒதுக்கிப் பேசிவிட்டுத் தண்ணீரோரம் இறங்கினார். புகைப்படக்காரர் தயாராக நிற்க, முதல் பாட்டிலைத் தலைவரே எடுத்து உயர்த்திப் பிடித்தார். கைதட்டினார்கள். பாட்டில் வெயிலில் பளபளவென்று மின்னியது.

அங்கேதான் கோளாறு ஆரம்பித்தது.

தலைவருக்குப் பக்கத்தில் இசோமுரா அம்மாள் நின்றிருந்தார். எழுபத்திரண்டு வயது. குடியிருப்போர் சங்கத்தின் தலைவி. பதினொரு வருடமாக, செவ்வாயும் வெள்ளியும் காலை ஏழு மணிக்குத் தெருமுனைக் குப்பைக் கூண்டுக்கு முன்னால் காவல் நிற்பவர். அங்கே பாட்டிலைக் கழுவி, மூடியையும் லேபிளையும் எடுத்து, நிறம் பிரித்துத்தான் போட வேண்டும். மூடியோடு பாட்டில் போட்ட வீட்டுக்கு, அந்தப் பையை அவரே எடுத்துக்கொண்டு போய் வாசலில் வைத்து மணியடித்துவிட்டு வருவார். அவருக்குப் பயந்து ஊரைவிட்டே போன குடும்பங்கள் உண்டு என்பார்கள்.

அவர் ஒரு பாட்டிலை எடுத்தார். திருப்பினார். மோந்து பார்த்தார்.

"இது கழுவியிருக்கு" என்றார்.

இன்னொன்றை எடுத்தார்.

"மூடி இல்ல. லேபிளை உரிச்சிருக்கு. லேபிளோட பசையைக்கூடத் துடைச்சு எடுத்திருக்கு."

அதற்குள் பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். வெட்டி விரித்து, அலம்பி, காயவைத்து, பத்துப் பத்தாக அடுக்கிய பால் அட்டைகள். நசுக்கிய டின்கள். கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, மேலே முடிச்சுப் போட்ட பத்திரிகைக் கட்டு ஒன்று. அது நனையாமல் இருக்க யாரோ அதைப் பாறைமேல் வைத்திருந்தார்கள்.

இசோமுரா அம்மாள் நாணலை விலக்கிக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்து பார்த்துவிட்டுத் திரும்பினார். "அந்தத் திருப்பத்துல பழுப்புக் கண்ணாடி மட்டும் கிடக்கு. அதுக்கப்புறம் பச்சை. பாலத்துக்கிட்ட வெள்ளை. எங்க பேட்டைக்காரங்க கூண்டுலயே இவ்வளவு ஒழுங்காப் போடறதில்ல. ஆத்துல எறியறவன் நிறம் பிரிச்சா எறியறான்?"

நிறம் பிரித்துப் போட்டது ஹிசனாகாவுக்கே அப்போதுதான் தெரிந்தது. திருட்டுத்தனமாகக் குப்பை போடுகிறோம் என்று புத்திக்குத் தெரிந்திருந்தது, கைக்குத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து பிரித்துப் போட்டுப் பழகிய கை. அழுக்காக்க வேண்டும், மூடியைத் திருகி வைக்க வேண்டும், கொஞ்சம் சேற்றையாவது பூச வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

நூற்றெண்பது பேரும் தங்கள் பூட்ஸ் நுனியைப் பார்த்தார்கள். தலைவர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு ஓகுசாவைப் பார்த்தார். ஓகுசா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஹிசனாகா இரண்டு விநாடி யோசித்தான். இதை மூடி மறைக்க முடியாது. ஒத்துக்கொண்டால் வேலை போகும். வேலை போனால்? வேலை போனவன் வீட்டுக்குத்தானே போவான். அந்த நினைப்பு வந்ததும், இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவன் நெஞ்சு லேசாக இருந்தது. முன்னால் வந்து, இடுப்பு வரை வளைந்து தலை வணங்கினான்.

"நான்தான் போட்டேன். நேத்து மதியம், லாரியில கொண்டுவந்து நானே போட்டேன். எல்லாமே நம்ம விடுதிக் குப்பை. ஆத்துல குப்பை இல்லீங்க. எல்லாரையும் ஏமாத்திட்டேன். மன்னிச்சுக்கணும்."

அவன் நிமிரவில்லை. தோளில் ஒரு கை விழுந்தது. ஓகுசாவின் கை.

"தலைவரே, இவரு எப்பவுமே இப்படித்தான்" என்றார் ஓகுசா. அவர் குரல் தழுதழுத்தது. இருபது வருடப் பயிற்சி. "ஊர்க்காரங்க மேல பழி வந்துடக்கூடாதுன்னு எல்லாத்தையும் தன் தலையில தூக்கிப் போட்டுக்கறாரு. சமூகத்துக்கு நன்றிங்கிற வரியை நாமெல்லாம் வாயால சொல்றோம். இவரு வாழ்ந்து காட்டறாரு."

"இல்லீங்க, நெசமாவே நான்தான்..." என்றான் ஹிசனாகா, குனிந்தபடியே.

"பாத்தீங்களா, விட்டுக்கொடுக்க மாட்டேங்கறாரு."

தலைவர் தோகிவாவின் கண் கலங்கியது. செய்யாத தவறுக்குத் தலை வணங்குகிறவனைவிட உயர்ந்த மனிதன் அந்த நாட்டில் கிடையாது. செய்த தவறுக்கு வணங்குகிறவனும் அதே கோணத்தில்தான் வணங்குவான் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. உறைத்தவர்கள் கைதட்டலில் சேர்ந்துகொண்டார்கள். தலைவரே முதலில் தட்டினார், பிறகு நூற்றெண்பது ஜோடி வெள்ளைக் கையுறைகள் தொம் தொம்மென்று தட்டின.

இசோமுரா அம்மாள் மட்டும் தட்டவில்லை. கூட்டம் கலைந்தபின் அவன் பக்கத்தில் வந்து நின்றார்.

"உனக்குப் பொய்யும் சொல்லத் தெரியல, உண்மையும் சொல்லத் தெரியல" என்றார். "உங்க கம்பெனியில வேற என்னதான் சொல்லிக்குடுக்கறாங்க?"

"தெரியலம்மா" என்றான் அவன்.

மொத்தம் முந்நூற்று எழுபத்தேழு கிலோ தேறியது. இலக்கைவிட இரண்டு கிலோ அதிகம். அறிக்கையில் இரண்டு முழுப் பக்கம் ஒதுக்கினார்கள். ஷிராஹோவின் தத்துவம் மதிலைத் தாண்டி ஊருக்குள்ளும் பரவிவிட்டது, இங்கே குப்பை எறிகிறவர்கள்கூட அதைக் கழுவி, நிறம் பிரித்து எறியும் அளவுக்குப் பொறுப்புணர்வு வளர்ந்திருக்கிறது என்று எழுதியிருந்தது. ஒரு பேராசிரியர் இதை ஆமோதித்துக் கால் பக்கம் எழுதினார். ஹிசனாகா வளைந்து நிற்கும் படமும் இருந்தது, முகம் தெரியாமல்.

பிப்ரவரிக் கடைசியில் மாற்றல் ஆணைகளைக் கொடுத்தார்கள். கொடுக்கும் விதம் எப்போதும் ஒன்றுதான். பேரைக் கூப்பிடுவார்கள், போய் நிற்க வேண்டும், தலைவர் வாசிப்பார், இரண்டு கையாலும் வாங்கி, 'பணிவுடன் ஏற்கிறேன்' என்று சொல்லித் தலை வணங்க வேண்டும். வேறு எதுவும் சொல்வதற்கு அந்தச் சடங்கில் இடமில்லை. ஹிசனாகா புது டை கட்டிக்கொண்டு போனான்.

தலைவர் வாசித்தார். "ஹிசனாகா தோஷிரோ. ஏப்ரல் முதல், ஐந்து ஆண்டுகளுக்கு, இந்தியாவில் சென்னைத் தொழிற்சாலையின் சமூகப் பங்களிப்புத் துறைத் தலைவராக நியமிக்கப்படுகிறீர்கள்."

"பணிவுடன் ஏற்கிறேன்" என்று அவன் வாய் சொல்லிவிட்டது. காகிதத்தை வாங்கிக்கொண்டு இடத்துக்கு வந்து நின்ற பிறகுதான் ஹிரோஷிமா என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை என்று அவனுக்கு உறைத்தது.

நேராக ஓகுசாவின் அறைக்குப் போனான்.

"வாங்க வாங்க, துறைத் தலைவரே" என்றார் ஓகுசா. அதுவரை நீ என்றவர், அன்றிலிருந்து நீங்க. "தலைவரே உங்க பேரைச் சொல்லிட்டாரு. நான் என்ன செய்ய முடியும்? அந்த ஊர்ல தொழிற்சாலைக்குப் பக்கத்துலயே ஒரு ஆறு ஓடுதாம். முன்னாடி போன குழு பாத்துட்டு வந்து எழுதியிருக்கு. நம்ம இலக்குக்கு இன்னும் அம்பது வருஷத்துக்குப் பஞ்சமே இல்லையாம். வெளியிலேர்ந்து எதையும் கொண்டுபோக வேண்டிய அவசியமே இருக்காது."

"ஐயா, என்னால முடியாதுங்க."

ஓகுசா புன்னகைத்தார். "இதான் ஹிசனாகா. பெரிய பதவின்னதும் முதல்ல முடியாதுங்கறது நல்ல வளர்ப்பு."

"அது இல்லீங்க. எனக்கு அந்தத் தகுதியும் இல்ல, விருப்பமும் இல்ல."

"ரெண்டாவது தடவையும் மறுத்துட்டீங்க. மூணாவதுல ஏத்துக்கணும், முறையாத்தான் செய்யறீங்க."

"நான் போகலீங்க. வீட்டுக்குப் போகணும். என் பொண்ணு என்னை விருந்தாளி மாதிரி நடத்தறா. மார்ச்னு சொல்லிட்டேன். எம்பொண்டாட்டி அலமாரியைக் காலி பண்ணி வெச்சிருக்கா." கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. அந்த அறையில் இதற்கு முன் யாருடைய குரலும் உடைந்ததில்லை.

ஓகுசா கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, மேசைமேல் வைத்தார். பிறகு மெதுவாக, "உங்க வீட்டம்மாகிட்ட நேத்தே பேசிட்டேனே" என்றார். "குடும்பத்துக்கு முதல்ல சொல்றதுதானே நம்ம வழக்கம். நல்லபடியா பேசினாங்க. உங்களைப் பத்திரமா பாத்துக்கச் சொன்னாங்க. ரெண்டு தடவை நன்றி சொன்னாங்க."

ஹிசனாகா தாழ்வாரத்துக்கு வந்தான். ஜன்னலோரம் நின்று யாசுயோவைக் கூப்பிட்டான். மதிய இடைவேளை, உடனே எடுத்தாள்.

"தெரியுமா உனக்கு?"

"தெரியும். நேத்து ஓகுசா சார் பேசினாரு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"ஆணை கையில வர்றவரைக்கும் உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாரு. அதான் வழக்கமாம்."

"நன்றின்னு சொன்னியாமே."

"வேற என்ன சொல்லச் சொல்றீங்க? அவ்வளவு பெரிய மனுஷன், அவரே கூப்பிட்டு வாழ்த்துறாரு. வாய் தானா சொல்லிடுச்சு. ஃபோனை வெச்சப்புறம் அடுப்படியில அப்படியே நின்னுட்டிருந்தேன். சாதம் அடிபிடிச்சுப் போச்சு" என்றாள். "நீங்க என்ன சொன்னீங்க?"

"பணிவுடன் ஏற்கிறேன்னு."

கீழே முற்றத்தில் புதுக் கார்களை வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு கார்கூட வரிசையைவிட்டு அரை விரல்கூட விலகி நிற்கவில்லை.

"அதுக்கப்புறம் போய் முடியாதுன்னும் சொன்னேன்" என்றான். "மூணு தடவை சொன்னேன். எடுபடல."

"என்னங்க."

"ம்."

"எங்கிட்ட ஒரு தடவை சொல்லுங்க."

"எதை?"

"அவங்ககிட்ட சொன்னதை."

தாழ்வாரத்தில் இரண்டு பேர் தலை வணங்கிவிட்டுக் கடந்து போனார்கள். அவனும் ஃபோனைக் காதில் வைத்தபடியே அவர்களுக்கு வணங்கினான். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

"நான் போகமாட்டேன்" என்றான். "எனக்கு நம்ம வீட்டுக்கு வரணும்."

மறுமுனையில் யாசுயோ அழ ஆரம்பித்தாள். அவன் சொன்னதைப் பணிவு என்று எடுத்துக்கொள்ளாத ஒரே ஆள் அவள்தான்.

ஏப்ரல் மூன்றாம் தேதி அவன் விமானம் ஏறினான்.